வார்சாவின் பேக்கப்

வார்சாவின் பழைய நகரத்துக்குள் நுழைந்த ஐந்தாவது நிமிஷமே கூட வந்த ஆபீஸ் நண்பன் தீர்ப்பு சொல்லிவிட்டான்: "எல்லாம் டூப்ளிகேட் மச்சி." தப்பில்லை. 1944 எழுச்சியை நசுக்கிய பிறகு நாஜிகள் திட்டம்போட்டு இடித்த ஊர் இது. வரலாற்று மையத்தில் 85 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. நான் சாய்ந்து நின்ற '17-ஆம் நூற்றாண்டு'ச் சுவர் என் அப்பாவைவிடக் கொஞ்சம்தான் மூத்தது.

ஆனால் எதைப் பார்த்துத் திரும்பக் கட்டினார்கள் என்பதில் நான் மாட்டிக்கொண்டேன். போருக்கு முன் கட்டடக்கலை மாணவர்கள் அளந்து வரைந்த படங்கள். 18-ஆம் நூற்றாண்டில் பெல்லொட்டோ தீட்டிய தெருக்காட்சிகள். அந்த மனுஷன் அழகுக்காகச் சிலதை மாற்றி வரைவாராம். அவற்றில் சிலவும் இப்போது கல்லாக நிற்கின்றன. பேக்கப்பில் இருந்த பக் அப்படியே ரீஸ்டோர் ஆகிவிட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

சதுக்கத்தில் ஒரு பாட்டி காய்கறிப் பையை வாசற்படியில் வைத்துவிட்டுச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். நண்பன் அந்தக் கதவைத்தான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் தாத்தா வீட்டை இடிப்பதற்கு முந்தின வாரம் அப்பா போன் பண்ணி, "வந்து நாலு போட்டோ எடுத்துட்டுப் போடா" என்றார். ரிலீஸ் இருந்தது, போகவில்லை. திண்ணையில் எத்தனை தூண் என்று கேட்டால் அக்கா நாலு என்கிறாள். நான் மூன்று என்கிறேன்.