மூட்டு மருத்துவரிடம் வயிற்றையும் சொல்லுங்கள்

திங்கள்

ஹைதராபாத்தின் போலாரத்தில், ராஷ்டிரபதி நிலையத்தைத் தாண்டிய ஒரு தெருவில், இளைஞர் ஒருவர் விடியும் முன்பே எழுந்து நடக்கிறார். இடுப்பு விறைத்துக் கிடக்கிறது. நடக்க நடக்கத் தளர்கிறது. உட்கார்ந்தால் மறுபடி இறுகுகிறது. “மெத்தையை மாத்துப்பா” என்கிறார் அம்மா. மருந்துக்கடை வலி மாத்திரையில் நாள் ஓடுகிறது. அடிக்கடி வயிறு போவதை மட்டும் அவர் எவரிடமும் சொன்னதில்லை.

செவ்வாய்

பஞ்சாகுட்டா நிம்ஸ் மருத்துவமனையில் மூட்டுவாத நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு. இத்தகைய பிரிவுகளில் இடுப்பு வலி என்று போனாலும் வயிற்றைப் பற்றி விசாரிப்பார்கள்: பேதி உண்டா, மலத்தில் ரத்தம் போகிறதா, எடை குறைந்ததா?

காரணம் இருக்கிறது. முதுகெலும்பைத் தாக்கும் அழற்சி வாதமும், குரோன் நோய் போன்ற குடல் அழற்சியும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருவதுண்டு.

புதன்

1980-களில் பெல்ஜியத்தின் கென்ட் நகரில் மீலான்ட்ஸ், வெய்ஸ் என்ற மருத்துவர்கள் இத்தகைய வாத நோயாளிகளின் குடலுக்குள் கேமரா குழாய் செலுத்திப் பார்த்தார்கள். ஏறக்குறைய பாதிப் பேரின் குடலில் அழற்சி தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு வயிற்றுத் தொந்தரவு எதுவுமே இல்லை!

1994-இல் அமெரிக்காவிலிருந்து இன்னொரு சான்று வந்தது. இந்த வாதத்தோடு தொடர்புடைய எச்எல்ஏ-பி27 என்ற மனித மரபணுவை ஏற்றிய எலிகளுக்குக் குடலும் மூட்டும் வீங்கின. அதே எலிகளைக் கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்தபோது இரண்டும் வீங்கவில்லை. குடல் நுண்ணுயிர்களால் தூண்டப்பட்ட எதிர்ப்பணுக்கள் மூட்டு வரை செல்கின்றன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

வியாழன்

குடலுக்கும் மூட்டுக்கும் உள்ள இந்த உறவு மருந்துச் சீட்டையே மாற்றுகிறது. ஸ்வீடனின் நன்னா ஸ்வார்ட்ஸ் மூட்டுவாதத்துக்காக உருவாக்கிய சல்ஃபாசலசின், பெருங்குடல் புண்ணுக்கும் கைகொடுத்தது. இன்ஃப்ளிக்ஸிமாப் குடல், மூட்டு இரண்டையும் ஆற்றும். எட்டனர்செப்ட் மூட்டுக்கு உதவும். குரோன் நோய்க்கு உதவாது. செகுகினுமாப் முதுகுக்கு நல்லது, குரோன் நோயையோ அது தீவிரமாக்கக்கூடும். சாதாரண வலி மாத்திரைகளும் குடலைப் புண்ணாக்கலாம்.

நம் நாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. குடல் காசநோய் அச்சு அசலாகக் குரோன் நோய் போலவே தோன்றும். அதோடு, இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசிகள் உறங்கும் காசநோயை எழுப்பிவிடக்கூடும். எனவே ஊசிக்கு முன் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம்.

வெள்ளி

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும், ஓய்வில் கூடி நடந்தால் குறையும் முதுகு வலி உங்கள் வீட்டு இளைஞருக்கு இருந்தால், மெத்தைக் கடைக்கு முன் மூட்டுவாத மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வயிற்றுப் பாட்டையும் கூச்சப்படாமல் சொல்லச் சொல்லுங்கள்; எந்த மருந்து என்பதை அந்தப் பதில்தான் தீர்மானிக்கக்கூடும்.