பைப்புக்கு வெளியே கட்டின மீட்டர்

காவிரியிலிருந்து எங்க காட்டுக்குத் தண்ணி வர்றது மூணு கிலோமீட்டர் இரும்புப் பைப்புல. ஆறு இஞ்ச் பைப், 30 எச்.பி. மோட்டார், பதினோரு பங்கு. ரெண்டு வருசமா கடைசிப் பங்குக்காரங்களுக்குத் தண்ணி பத்தலை. எனக்கும் குறைஞ்சுது. எனக்கு முந்தின பங்கு என் பெரியப்பா மகனுது. "அண்ணன் ராத்திரியில வால்வைத் திறந்து விட்டுக்கறார்"னு நாலு பேர்கிட்ட நானே சொன்னேன். அது அவர் காதுக்குப் போய், ரெண்டு வீட்டுக்கும் பேச்சு நின்னுபோச்சு.

அக்கா மகன் ஆலைகள்ல மீட்டர் மாட்டற வேலை பார்க்கிறான். லீவுல வந்தப்ப கைப்பெட்டி ஒண்ணு கொண்டுவந்தான். அல்ட்ராசோனிக் மீட்டராம். பைப்பை அறுக்க வேண்டாம், ஓட்டை போட வேண்டாம், வெளியவே கட்டிடலாம். நான் நம்பலை.

"மாமா, பைப்புக்கு வெளிய ரெண்டு சென்சார். ஒண்ணு சத்தம் அனுப்பும், இன்னொண்ணு வாங்கும். அப்புறம் மாத்தி அனுப்பும். தண்ணி போற திசையில சத்தம் சீக்கிரம் போகும், எதிர்த்துப் போறப்ப துளி தாமதம். அந்த வித்தியாசத்துலதான் கணக்கு." ஆத்துல நீச்சல் அடிச்சவனுக்கு இதுக்கு மேல விளக்கம் எதுக்கு?

மோட்டார் ரூம் வளைவுகிட்டயே கட்டச் சொன்னேன். கட்டினான், நம்பர் ஒரு இடத்துல நிக்கலை. வளைவுல தண்ணி சுழண்டுக்கிட்டு போகுமாம். பைப் அகலத்தைப் போல பத்து மடங்காவது நேரா ஓடி வந்த இடம் வேணும்னான். அஞ்சடிக்கு மேல தள்ளிப் போனோம். பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சான். சுத்தளவு எடுத்தான், இரும்பு எத்தனை கனம்னு இன்னொரு கருவியில பார்த்தான். சென்சார் அடியில பசை மாதிரி ஜெல் தடவினான். நடுவுல காத்து இருந்தா சத்தம் உள்ள போகாது. அதே காரணத்துக்காகத்தான் பைப் உச்சியில கட்டாம பக்கவாட்டுல கட்டினான். உச்சியில காத்து நிக்கும், அடியில மண் படியும். இத்தனை பொறுமை எனக்கு நாத்து நடும்போதுகூட இருந்ததில்லை.

மணிக்கு 84 கன மீட்டர்னு காட்டிச்சு.

அடுத்து அண்ணன் காட்டுக்கு மேல் வரப்புல குழி வெட்டிக் கட்டினோம். 83. அவர் காட்டைத் தாண்டி, என் வரப்புல 83. ஒண்ணு ரெண்டு முன்னப் பின்ன காட்டும், அது கணக்கில்லைன்னான். எனக்கு வாய் அடைச்சுப்போச்சு. என் மேல்காட்டைத் தாண்டிக் கட்டினான். 70.

மேல்காட்டுல தாத்தா காலத்துப் பாழுங்கிணறு ஒண்ணு இருக்கு. ரெண்டு வருசம் முன்னாடி அதுல தண்ணி ஏறினப்ப, "மழையில ஊத்துக்கண் திறந்துடுச்சு"னு ஊரெல்லாம் சொன்னேன். சின்ன மோட்டார் வெச்சு தென்னைக்குப் பாய்ச்சிக்கிட்டும் இருந்தேன். கிணத்தை ஒட்டித் தோண்டினோம். ஜாயின்ட் விட்டு, தண்ணி கல்கட்டு இடுக்கு வழியா உள்ள ஓடிக்கிட்டிருக்கு.

சாயங்காலம் அண்ணன் வீட்டு வாசல்ல போய் நின்னேன். கயித்துக்கட்டில்ல உட்கார்ந்திருந்தார். எல்லாத்தையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "இதையும் அந்த நாலு பேர்கிட்ட சொல்லிட்டியா?"னு கேட்டார்.

சொல்லலை. மறுநாள் காலையில போய்ச் சொன்னேன். ஜாயின்ட்டை வெல்டு வெச்சாச்சு, கிணறு இறங்கிடுச்சு. என் முறையில பாதி நேரத்தை இந்தக் கோடை முடியிற வரைக்கும் கடைசிப் பங்குக்காரங்களுக்கு விட்டிருக்கேன். அண்ணி மட்டும் இன்னும் என் வீட்டுப் பக்கம் வரலை.