பச்சைத் தோல்

பி.காம். படித்த எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் இலக்கியம், டெபிட்டும் கிரெடிட்டும்தான். என்னிடம் போய் ஆம்பூர் நண்பரின் மகள், "மாமா, வால்ட் விட்மன் பத்தி ப்ராஜெக்ட். பத்து நாள்தான் இருக்கு" என்று வந்து நின்றாள். எம்.ஏ. இங்கிலீஷ். அப்பா ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷன். அமெரிக்கப் புத்தகம் வாங்கக் கட்டுப்படியாகாது.

ஏற்கெனவே நெட்டில் கிடைத்த நோட்ஸை அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறாள். "இதுல நீ எங்கேம்மா இருக்கே?" என்று பேராசிரியை திருப்பிக் கொடுத்துவிட்டாராம். சொல்லும்போதே கண் கலங்கியது.

செல்போனில் இருவருமாகத் துழாவினோம். 'வால்ட் விட்மன் ஆர்க்கைவ்' கிடைத்தது. அமெரிக்கப் பேராசிரியர்கள் இருவர் 1995-ல் தொடங்கியது. பைசா செலவில்லை. 1855-ல் வந்த 'லீவ்ஸ் ஆஃப் கிராஸ்' முதல் பதிப்பே பக்கம் பக்கமாக இருக்கிறது! தலைப்புப் பக்கத்தில் கவிஞர் பெயர் கிடையாது. எதிர்ப்பக்கத்தில் படம் மட்டும். மொத்தம் 12 கவிதைகள். சாகும்வரை திருத்தித் திருத்தி, அதே புத்தகத்தைப் பல மடங்கு பெருக்கியிருக்கிறார் மனுஷன். எல்லாப் பதிப்புகளும் அங்கேயே உண்டு.

நம்மூர் ஆய்வேடுகளுக்கு 'ஷோத்கங்கா'. அதுவும் இலவசம்தான்.

முதல் பதிப்பையும் கடைசிப் பதிப்பையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, எது ஏன் மாறியது என்று அவளே எழுதினாள். ப்ராஜெக்ட் பாஸ்!

விஷயத்தைக் கேட்ட அப்பா சிரித்தார். "பச்சைத் தோலை அப்படியே தைச்சா ஷூ ஆயிடுமா சார்? பதப்படுத்தணும்ல!"

இதைவிட நான் என்ன சொல்ல?