செல்லரித்த இடமும் சிதைந்த படமும்

ஏட்டுச் சுவடிகளோடு பழகியவர்க்குச் செல்லரித்த இடம் புதிதன்று. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, சிதைந்துபோன பகுதிகளுக்குப் புள்ளியிட்டார். 267, 268ஆம் பாடல்கள் இன்றளவும் கிடைத்தில. ஐயரவர்கள் எண்ணியிருந்தால் அவ்விடங்களைத் தம் புலமையால் நிரப்பியிருக்கலாம், செய்திலர்.

மின்னணுப் படங்களுக்கும் இச்செல்லரிப்பு உண்டு. வானலை வழியே செல்லும் படம் சிறுசிறு பொதிகளாகப் பிரிந்து செல்கின்றது; சில வழியிலேயே தொலைகின்றன. ஜேபெக் முறையில் படம் 64 புள்ளிகள் கொண்ட சதுரங்களாகப் பகுக்கப்படுவதால், இழப்பும் பெரும்பாலும் கட்டம் கட்டமாகவே தோன்றும்.

இழந்ததை ஈடுசெய்ய இரு வழிகள் உள. அனுப்பும்போதே உபரி எண்களைக் கணக்கிட்டுச் சேர்த்தனுப்புதல் ஒன்று. ரீடு, சாலமன் என்னும் அறிஞர் இருவர் 1960இல் வகுத்த முறை இவ்வகையது. 1986இல் யுரேனசைக் கடந்த வாயேஜர் 2 இதனைக் கையாண்டது. இழப்பு ஓர் எல்லைக்குள் இருப்பின், போனது போனபடியே மீளும். முத்தொள்ளாயிரம் முழுமையாகக் கிடைக்காவிடினும், புறத்திரட்டில் தொகுக்கப்பெற்றமையால் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்கள் நமக்கு வாய்த்தன அல்லவா? ஏறத்தாழ அது போன்றது.

மற்றது ஊகம். அக்கம்பக்கத்துக் கட்டங்களின் நிறத்தைக் கொண்டோ, முந்தைய காட்சியின் துண்டைக் கொண்டோ ஓட்டையை மறைப்பது. ஒட்டுப்போட்ட இடத்தைக் கருவி நமக்குச் சொல்வதில்லை.

என் அத்தா மௌத்தான அன்று, மலேசியாவிலிருந்த தம்பியால் வர இயலவில்லை. மையித்தின் முகத்தைக் கைப்பேசியில் காட்டினோம். அலைத்தொடர்பு நலிந்திருந்தது. "படம் அப்பப்ப நின்னுச்சு, ஆனா அத்தா முகம் முழுசாத் தெரிஞ்சிச்சு அண்ணே" என்றான். அவன் கண்டதில் எத்துணைப் பங்கு முந்தைய நொடியின் துண்டோ, அறியேன். அசையாத முகத்திற்கு முந்தைய நொடியும் அந்நொடியும் வேறல்லவே! அங்கே அவ்வூகம் பொய்யன்று.

எழுத்தின் நிலை அதுவன்று. எங்கள் செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் திரட்டிய நூல்கள், அவர் 1992இல் மறைந்தபின் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாயின. அத்தகைய பழம்பக்கங்களின் படத்தில் ஒரு கட்டம் தொலைந்து, சுற்றியுள்ள வெண்மையால் கருவி அதனை நிரப்பினால், மெய்யெழுத்தின் புள்ளி மறையும்; 'பல்' என்பது 'பல' ஆகும். படிப்பவர்க்கு ஐயமே எழாது.

எந்தக் கட்டம் தொலைந்தது என்பதைப் பெறும் கருவி பெரும்பாலும் அறிந்தே இருக்கின்றது. நிரப்பிய இடத்தை வேறு நிறத்தில் காட்டச் செய்தல் பெரும்பாடன்று. கணிப்பொறித் துறை மாணவர் எவரேனும் முன்வந்தால், சோதித்துப் பார்க்கச் சுவடிப் படங்கள் எங்கள் தமிழ்த்துறையில் உள்ளன.