குட்டி போட 300 கி.மீ. நடக்கும் மான்கள்... ரயில் ஜன்னல் வழியே ஹோ ஷில்!

கோல்முட் ஸ்டேஷனைத் தாண்டியதும் ரயிலுக்குள் சில மாற்றங்கள் தெரிய ஆரம்பிக்கும். பெட்டிக்குள் கூடுதலாக ஆக்ஸிஜன் விடுவார்கள். பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிக்கொள்ளும். சிலருக்குத் தலை வலிக்கும். சீனாவின் ஷினிங் நகரிலிருந்து திபெத்தின் லாசாவுக்குப் போகும் ரயில் இது. இதில் கோல்முட் முதல் லாசா வரையிலான 1,142 கி.மீ. பாதை 2006 ஜூலையில் திறக்கப்பட்டது. வழியில் 5,072 மீட்டர் உயரம் வரை ஏறி இறங்குகிறது.

குன்லுன் மலையைக் கடந்த பிறகு, வலது பக்க ஜன்னலில் மரமே இல்லாத ஒரு சமவெளி விரியும். அதுதான் ஹோ ஷில். சீனர்கள் 'கேகேஷிலி' என்பார்கள். சராசரி உயரமே 4,500 மீட்டருக்கு மேல். கோடையிலும் பனி பெய்யும். மனிதர்கள் நிரந்தரமாகக் குடியிருக்க முடியாத இந்த இடத்தைத்தான் ஒரு மான் தன் பிரசவ வார்டாக வைத்திருக்கிறது.

திபெத்திய மான். 'சிரு' என்றும் சொல்வார்கள். பார்க்க மான்தான் என்றாலும், மரபணு வழியில் ஆடுகளுக்கு நெருங்கிய சொந்தம். ஆணுக்கு மட்டும் கொம்பு உண்டு. அரை மீட்டருக்கு மேல், ஈட்டி மாதிரி நேராக நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு கொம்பும் ஒன்றாகத் தெரியும். ஒற்றைக்கொம்பு குதிரைக் கதைகள் இதைப் பார்த்துத்தான் பிறந்தன என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

நமக்கு மூச்சு வாங்கும் உயரத்தில் இது மணிக்கு 80 கி.மீ. வேகம் வரை ஓடும். எப்படி? ஆடுகளுக்குக் குட்டிப் பருவத்தில் ஆக்ஸிஜனை இறுக்கிப் பிடிக்கும் ஒரு வகை ஹீமோகுளோபின் இருக்கும். வளர்ந்ததும் அது மாறிவிடும். சிருவில் அந்த மாற்றம் நடப்பதே இல்லை. வளர்ந்த பிறகும் ஆயுள் முழுக்கக் குட்டியின் ரத்தம்தான் ஓடுகிறது. 2020-ல் வெளியான ஆய்வு இதை விளக்கியது.

மே மாதம் வந்தால் கர்ப்பிணி மான்கள் ஆண்களை விட்டுவிட்டுக் கிளம்பிவிடும். போன வருஷம் பிறந்த பெண் குட்டிகளும் கூடவே போகும். சில கூட்டங்கள் 300 கி.மீ.க்கு மேல் நடக்கின்றன. ஹோ ஷில்லில் அவை போய்ச் சேரும் முக்கியமான இடம் ஜுவோனாய் ஏரிக்கரை. ஜூன் கடைசி, ஜூலையில் ஆளுக்கு ஒரு குட்டி. குட்டி சீக்கிரமே எழுந்து நின்றுவிடும். நிற்காவிட்டால் ஓநாய் விடாது. சில வாரங்களில் தாயும் குட்டியும் திரும்பி நடக்க ஆரம்பிக்கும். தெற்கே இதைவிட நல்ல புல் இருக்கும்போது, புல்லே குறைவான இந்த இடத்துக்கு ஏன் வருகின்றன என்பதற்கு விஞ்ஞானிகளிடம் இன்னும் முடிவான பதில் இல்லை.

இப்படி ஒரே இடத்தில் கூடுவதுதான் இவற்றுக்கு எமனாகவும் ஆனது. சிருவின் அடிமுடி, மனிதத் தலைமுடியில் ஐந்தில் ஒரு பங்கு தடிமன்கூட இருக்காது. அதில் நெய்வதுதான் 'ஷாதூஷ்' சால்வை. மோதிரத்துக்குள் நுழைத்து எடுத்துவிடலாம் என்பதால் 'ரிங் ஷால்' என்ற பெயரும் உண்டு. மான் புதரில் உரசும்போது உதிரும் முடியைப் பொறுக்கி நெய்கிறோம் என்று வியாபாரிகள் பல காலம் கதை சொன்னார்கள். அந்தச் சமவெளியில் உரசுவதற்கு ஏது புதர்? ஒரு சால்வைக்கு மூன்று முதல் ஐந்து மான்கள் கொல்லப்படுகின்றன என்ற உண்மையை உலகத்துக்கு எடுத்துச் சொன்னவர்களில் முக்கியமானவர் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர்.

1990-களில் வேட்டைக்காரர்கள் ஜீப்பில் வந்து, ஹெட்லைட் வெளிச்சத்தில் கர்ப்பிணி மான்களைச் சுட்டுத் தள்ளினார்கள். வருஷத்துக்கு 20,000 வரை செத்திருக்கும் என்பது அப்போதைய மதிப்பீடு. அந்த முடி கடத்தப்பட்டு வந்து சேர்ந்த இடம் நம் காஷ்மீர். நெசவு அங்கேதான் நடந்தது. அங்கே முழுத் தடை வந்தது 2002-ல்தான். ஸ்ரீநகர் டூர் போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பஷ்மினா வேறு, ஷாதூஷ் வேறு. பஷ்மினா வளர்ப்பு ஆட்டிடம் சீவி எடுப்பது, அந்த ஆடு அடுத்த வருஷமும் முடி தரும். யாராவது ரகசியமாக ஷாதூஷ் எடுத்துக் காட்டினால், அதை விற்பதும் வாங்குவதும் சட்டப்படி குற்றம்.

ஹோ ஷில்லில் வேட்டையைத் தடுக்க ஒரு சிறு ரோந்துப் படையோடு இறங்கியவர் சோனம் தார்கியே என்ற திபெத்திய அதிகாரி. 1994 ஜனவரியில் பிடிபட்ட வேட்டைக்காரர்களே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். துப்பாக்கியைப் பிடித்த நிலையிலேயே அவர் உடல் பனியில் உறைந்திருந்ததாகச் சொல்கிறார்கள். 1997-ல் ஹோ ஷில் தேசிய சரணாலயம் ஆனது, 2017-ல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஒரு காலத்தில் 20,000-க்கும் கீழே போன ஹோ ஷில் மான்கள் இப்போது சுமார் 70,000 என்கிறது சீன அரசின் கணக்கு. சிவப்புப் பட்டியலிலும் 2016-ல் 'அழியும் ஆபத்து' பிரிவிலிருந்து இரண்டு படி தள்ளி வைக்கப்பட்டது.

ரயில் பாதையை விலங்குகள் கடக்க 33 வழிகள் விட்டிருக்கிறார்கள். மேலே ரயில் ஓட, பாலத்துக்கு அடியில் மான் கூட்டம் சாவகாசமாகப் போகும் ஒரு படம் 2006-ல் சீனாவில் விருதெல்லாம் வாங்கியது. 2008-ல் அது இரண்டு படங்களை ஒட்டிச் செய்த போலி என்று இணையவாசிகள் கண்டுபிடித்துவிட்டார்கள். படத்தின் அடியில் தெரிந்த ஒரு கோடு காட்டிக்கொடுத்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், மான்கள் நிஜமாகவே அந்தப் பாலங்களுக்கு அடியில் போகின்றன. ஆரம்பத்தில் தயங்கி நின்றவை மெல்லப் பழகிவிட்டன. பக்கத்திலேயே ஓடும் நெடுஞ்சாலையிலும் மான்கள் கடக்கும் நேரத்தில் வனக்காவலர்கள் லாரிகளை நிறுத்திவிடுவார்கள். ஹாரன் அடிக்கக் கூடாது.

இப்போதைய கவலை தண்ணீர். 2011 செப்டம்பரில் ஜுவோனாய் ஏரியின் கரை உடைந்து பெருமளவு நீர் வெளியேறியது. மிஞ்சியது காற்றில் பறக்கும் மணல். ஓடிய நீர் கீழே இருந்த உப்பு ஏரியில் சேர, அது வருஷாவருஷம் பெருத்து நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் நெருங்கியது. 2019-ல் கால்வாய் வெட்டித்தான் நீரைத் திருப்பினார்கள். மான்கள் இன்னும் அந்த ஏரிப் பக்கம்தான் பிரசவத்துக்குப் போகின்றன.

சரணாலயத்துக்குள் இஷ்டத்துக்கு நுழைந்து குறுக்கே பயணம் செய்ய 2017 முதல் தடை. எனவே ரயில் ஜன்னல்தான் வசதி. லாசா போக வெளிநாட்டவருக்குத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும். குட்டிகளோடு பார்க்க வேண்டுமென்றால் ஆகஸ்ட் தொடக்கம் சரியான நேரம். பைனாகுலர் இல்லாவிட்டால் பழுப்பு நிறப் புள்ளிகளாகத்தான் தெரியும்.