முத்தும் புகையும்

எகிப்து ராணி கிளியோபாத்ரா பந்தயம் கட்டி, விலை மதிக்க முடியாத ஒரு முத்தைக் காடியில் போட்டுக் கரைத்துக் குடித்தாள் என்று ரோமாபுரிப் பிளினி எழுதி வைத்திருக்கிறார். நடந்ததோ, நடக்கவில்லையோ! கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு ராணியின் ஆடம்பரத்தைக் காட்டிலும் அந்தக் கிண்ணத்தில் எழும்பியிருக்கக்கூடிய குமிழிகளின் மீதுதான் கண். முத்தைக் காடியில் போட்டால் மெல்ல நுரைக்கும். அந்த நுரைக்குள் இருப்பது கரியமில வாயு. நம் வீட்டு அடுப்பிலிருந்தும், ஆலைப் புகைபோக்கியிலிருந்தும், இதைப் படிக்கிற உங்கள் மூச்சிலிருந்தும் வெளியே போகிற அதே வாயுதான்.

தூத்துக்குடிக் கரைக்காரர்களுக்கு இந்தக் கதையில் கொஞ்சம் பாத்தியதை உண்டு. கொற்கை முத்து கடல் கடந்து ரோமாபுரிக்குப் போன காலம் ஒன்று இருந்தது. தம் நாட்டுப் பணமெல்லாம் கீழ்த்திசைக்குப் போய்ச் சேருகிறதே என்று அந்தப் பிளினியே புலம்பியிருக்கிறார். பிற்பாடு கொற்கையை விட்டுக் கடல் விலகிப் போயிற்று. துறைமுகமும் முத்துச் சலாபமும் தூத்துக்குடிக்கு வந்தன. சலாபமும் 1961-ம் வருஷத்தோடு நின்றது. 1973-ல், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த அழகர்சாமி என்ற விஞ்ஞானி, இதே கரையில் சிப்பிக்குள் கரு வைத்து உருண்டை முத்தை வளர்த்துக் காட்டினார். சிப்பியின் தொழில் ரகசியம் மனிதன் கைக்கு அவ்வளவாவது வந்தது.

அந்தத் தொழில் என்ன? மழைத்துளி சிப்பியின் வாயில் விழுந்து முத்தாகிறது என்பது பாட்டி சொன்ன கதை. ரசாயனக்காரர்கள் சொல்லும் கதை அதைவிட ருசியாக இருக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கடல் நீரில் கரைந்து வேறு உருவம் கொள்கிறது. சிப்பி அதையும், நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்தையும் சேர்த்து, தேர்ந்த கொத்தனார் செங்கல் அடுக்குவதுபோல மெல்லிய தட்டுகளாக அடுக்கி ஓடு கட்டுகிறது. முத்தும் அதே சரக்குத்தான். நூறு கிராம் முத்தில் நாற்பது கிராமுக்கு மேல் சிறைப்பட்ட கரியமில வாயு என்று கணக்கு.

இந்தக் காரியத்துக்குச் சிப்பி ஒரு தரகரை வைத்திருக்கிறது. கிரியா ஊக்கி என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். கல்யாணத் தரகர் இரண்டு வீட்டாரையும் சேர்த்து வைத்துவிட்டு, தாம் அந்தக் குடும்பத்தில் ஒட்டிக்கொள்ளாமல் அடுத்த ஜாதகத்தைத் தேடிப் புறப்படுகிறார் அல்லவா? அந்த மாதிரி. சிப்பியின் தரகருக்கு நடுநாயகமாக ஒரு துத்தநாக அணு இருக்கிறது. நம் இரத்தத்திலும் இதே வர்க்கத்துத் தரகர் உண்டு. அவருடைய சுறுசுறுப்பைக் கேளுங்கள்: ஒரு விநாடிக்குப் பத்து லட்சம் ஜோடி வரை சேர்த்து வைக்கிறார்!

இவ்வளவு கெட்டிக்காரச் சிப்பிகூட, கையில் எடுத்ததில் ஒரு பாதியை ஓட்டில் கட்டிவிட்டு, மறு பாதியைக் கரியமில வாயுவாக நீரிலேயே விட்டுவிடுகிறது. இயற்கையின் பேரேட்டிலும் வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

கடல் இப்படிச் சேர்த்து வைத்ததை நாம் என்ன செய்தோம்? மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றியிருந்த பவளப் பாறைகளை வெட்டி எடுத்து வந்தோம். வீடு கட்டினோம். காளவாயில் போட்டுச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினோம். சுட்ட கல்லிலிருந்து அந்த வாயு மறுபடியும் காற்றுக்கே போயிற்று. 1986-ல் சர்க்கார் 21 தீவுகளைச் சேர்த்துத் தேசியப் பூங்கா என்று அறிவித்தது. அவற்றில் இரண்டு தீவுகள் கடலுக்குள் மூழ்கிவிட்டன.

பாறையோடு நின்றதா? கப்பல் கப்பலாக நிலக்கரி வந்தது. 1979-ல் இயங்கத் தொடங்கிய தூத்துக்குடி அனல் மின் நிலையம், ஐந்து யந்திரங்களோடு 1050 மெகாவாட் திறனுக்கு வளர்ந்தது. இந்த ஊர் மட்டுமா, உலகமே அப்படித்தான் வளர்ந்தது. யந்திர யுகத்துக்கு முன்னால் பத்து லட்சம் பங்கு காற்றில் 280 பங்கு வாக்கில் இருந்த கரியமில வாயு, இன்றைக்கு 420-ஐத் தாண்டிவிட்டது. நாம் வெளியே விடுவதில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. வாங்க வாங்க அதன் காரம் குறைகிறது. சிப்பிக்கும் பவளப் பூச்சிக்கும் ஓடு கட்டுவது சிரமமாகிறது. அளவோடு இருந்தபோது ஓடாக அமைந்த பொருள், அளவு மீறியதும் ஓட்டுக்கே எமனாக வந்து நிற்கிறது.

இனி உப்பளத்துக்குப் போவோம். தூத்துக்குடி உப்பு சோற்றுப் பானைக்கு மட்டும் போவதில்லை; சலவைச் சோடா செய்யவும் போகிறது. சலவைச் சோடா இல்லாவிட்டால் சோப்புத் தூள் இல்லை. கண்ணாடி டம்ளரும் ஜன்னல் கண்ணாடியும் இல்லை. உப்பு, அம்மோனியா, கரியமில வாயு, இந்த மூன்றையும் கூட்டிச் சோடா செய்யும் வழியை 1861-ல் பெல்ஜியம் தேசத்து எர்னஸ்ட் சால்வே வகுத்துக் கொடுத்தார். அந்த முறையில் வாயுவுக்காகச் சுண்ணாம்புக் கல்லைச் சுட வேண்டும். தூத்துக்குடி ஆல்கலி கெமிக்கல்ஸ் ஆலையின் முறை சற்று மாறுபட்டது. சோடாவோடு அம்மோனியம் குளோரைடு என்ற உரமும் கிடைக்கும். கல்லைச் சுடுகிற வேலை கிடையாது. ஆகவே வாயு வேறு எங்கிருந்தாவது, தட்டில்லாமல், தினமும் வந்துகொண்டிருக்க வேண்டும்.

அந்த ஆலையிலேயே நிலக்கரிக் கொதிகலன் ஒன்று புகையைக் கக்கிக்கொண்டிருந்தது. வாங்க வேண்டிய சரக்கு தன் வீட்டுப் புகைபோக்கி வழியாகவே வீணாகப் போகிறது! வீட்டுக் கொல்லையில் கிணற்றை வைத்துக்கொண்டு தண்ணீர் வண்டிக்குக் காத்திருந்த கதைதான். ஆனால் புகையிலிருந்து அந்த ஒரு வாயுவை மட்டும் பிரித்தெடுப்பது லேசான காரியமில்லை. புகையில் பெரும்பங்கு நைட்ரஜன். நமக்கு வேண்டியது சிறு பங்கு.

வழி புதியதல்ல. 1930-லேயே பாட்டம்ஸ் என்ற அமெரிக்கர் காப்புரிமை வாங்கிவிட்டார். அமீன் என்றொரு வர்க்கம் இருக்கிறது. கெட்டுப்போன மீனின் வாடைக்குக் காரணமான வர்க்கம். ஆகையால் நம் கரைக்குப் பழக்கப்பட்டதுதான். அமீன் கலந்த நீரை உயரமான கோபுரத்தின் மேலிருந்து மழையாகப் பொழியவிடுவார்கள். புகை கீழிருந்து ஏறும். கரியமில வாயுவை நீர் பிடித்துக்கொள்ளும். மற்றவை மேலே போய்விடும். பிடித்த நீரை இன்னொரு கோபுரத்தில் காய்ச்சினால், வாயு சுத்தமாகப் பிரிந்து வரும். நீர் ஆறியதும் மறுபடி மழையாகலாம். சங்கடமெல்லாம் அந்தக் காய்ச்சுகிற இடத்தில்தான். அதற்குச் செலவாகும் நீராவி கொஞ்ச நஞ்சமல்ல. போதாததற்குக் கலவை இரும்பையும் அரிக்கும்.

கரக்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அனிருத்த சர்மா, பிரதீக் பம்ப் என்ற இரண்டு இளைஞர்கள் 2009-ல் கார்பன் கிளீன் சொல்யூஷன்ஸ் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். குறைந்த சூட்டில் வேலை செய்கிற, இரும்பை அதிகம் அரிக்காத கலவை தங்களிடம் இருக்கிறது என்றார்கள். நம் நாட்டில் முதல் போட ஆள் கிடைக்கவில்லை. பிரிட்டிஷ் சர்க்கார் கை கொடுத்தது. அந்தக் கலவை 2016-ல் தூத்துக்குடி ஆலையில் இறங்கியது. வருஷத்துக்கு 60,000 டன் பிடிக்கத் திட்டம். டன்னுக்குச் சுமார் 30 டாலர்தான் செலவு என்றும், சர்க்கார் மானியம் ஒரு காசு இல்லை என்றும் 2017 ஜனவரியில் வெளிநாட்டுப் பத்திரிகைகள் எழுதின.

அந்தச் செய்தியில் என்னைப் பிடித்து நிறுத்திய இடம் ஒன்று உண்டு. ஆலை முதலாளி, தாம் ஒரு வியாபாரி என்றும், உலகத்தைக் காப்பாற்றும் நினைப்பே தமக்கு இருந்ததில்லை என்றும், நம்பகமாக வாயு கிடைக்க இதுவே நல்ல வழியாக இருந்தது என்றும் மனம் விட்டுச் சொல்லியிருந்தார். நாவலில் இப்படி ஒரு பாத்திரத்தை விட்டால் வாசகர்கள் நம்ப மாட்டார்கள். நல்ல காரியம் செய்கிறவன் நாலு வார்த்தை லட்சியம் பேச வேண்டும் என்று எதிர்பார்த்தே நமக்குப் பழகிவிட்டது. எனக்கோ அந்த மனிதரிடம் மரியாதைதான் உண்டாயிற்று. கணக்குப் பார்த்துச் செய்த நன்மை, கணக்குச் சரியாக இருக்கும் மட்டும் நடக்கும். மனசு உருகிச் செய்த நன்மைக்கு அந்த உத்தரவாதம்கூட இல்லை.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டதற்கு ஒரு குடும்பக் காரணமும் இருக்கிறது. தூத்துக்குடியில் வாழ்க்கைப்பட்ட என் அக்காளின் மகள் ரசாயன என்ஜினீயர். சென்னையில் நாலு வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள். அடுத்த வருஷத்தோடு உபகாரச் சம்பளம் நின்றுவிடும். இதற்குள் வடக்கே ஒரு சோப்புக் கம்பெனியிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்தது. இப்போது கிடைப்பதைப்போல் மூன்று மடங்கு சம்பளம். பெண் யோசிக்கிறாள். "நீ சொன்னாக் கேப்பா தம்பி, வந்து சொல்லிட்டுப் போ" என்று அக்காள் எனக்கு ஆள் மேல் ஆள் விட்டாள்.

கல்லூரியில் இரண்டு வருஷத்தோடு ரசாயனத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். மக்ரூன் தட்டை நடுவில் வைத்துக்கொண்டு, அவள் ஊர் ஆலையைப் பற்றியே பேச்சைத் தொடங்கினேன்.

"அறுபதாயிரம் டன் பெரிய காரியந்தானேம்மா?"

"மாமா, நம்ம அனல் மின் நிலையம் முழுசா ஓடினா மணிக்கு ஆயிரம் டன் வாக்கில வெளிய விடும். அறுபதாயிரத்தை ஆயிரத்தால வகுத்துப் பாருங்க."

அறுபது மணி நேரம். இரண்டரை நாள். ஒரு வருஷம் பூராவும் அந்த ஆலை பிடிக்கக்கூடியது, அதே ஊரில் ஒரு மின் நிலையம் இரண்டரை நாளில் விடக்கூடியது.

"அதுவும் நிரந்தரமாப் பூட்டி வைக்கல" என்றாள். "நூறு கிலோ சோடாவுல 41 கிலோ இந்த வாயுதான். கண்ணாடி உலையில போட்டதும் அத்தனையும் வெளிய போயிரும். கல்லைச் சுட்டு வாயு எடுக்காம விட்டமே, அந்த மட்டுக்கு லாபம்."

"அப்புறம் எதுக்கு இந்தப் பாடு?"

"பிடிக்கிறது ஒரு வேலை, பூட்டுறது ஒரு வேலை மாமா. நார்வேக்காரங்க 1996-லேருந்து கடலுக்கு அடியில கொண்டு போய்ப் பூட்டுதாங்க, வருஷத்துக்குப் பத்து லட்சம் டன் வரைக்கும். பூட்ட இடம் இருக்கு. பிடிக்கிற செலவுதான் எல்லாரையும் பயமுறுத்துது. அதுல பெரும்பங்கு காய்ச்சுற செலவு. நான் பாக்கிறது அதைத்தான்."

அவள் பார்க்கிறது ஒரு கைப்பிடி மணிகள். காய்ச்சுகிற பாத்திரத்தில் போட்டால், வாயுவும் அமீனும் குறைந்த சூட்டிலேயே பிரிந்துவிடுமாம். சிப்பியின் தரகர் சேர்த்து வைக்கிறவர். இவளுடைய தரகர் விவாகரத்து வக்கீல் என்று சொன்னேன். சிரித்தாள். புகையில் இருக்கிற கந்தகம் அந்த மணிகளை எத்தனை நாள் விட்டு வைக்கும் என்பது இன்னும் தெரியாது என்று அவளே சொன்னாள். பிறகு, "அம்மா அனுப்பிச்சுத்தானே வந்தீங்க?" என்று கேட்டாள்.

நான் மக்ரூனை எடுத்துக்கொண்டேன்.

அந்த இரண்டரை நாள் கணக்கு அவள் வாயிலிருந்து வந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. தன் தொழிலைத் தூக்கிப் பேச வேண்டிய இடத்தில், அதன் சிறுமையை மணிக்கணக்கில் வகுத்துச் சொல்லிவிட்டு, அதன் பிறகும் அதிலேயே இருக்கலாமா என்று யோசிக்கிறாள். புகை விஷயத்தில் இரண்டு விதமான பேச்சு நம்மிடையே நடமாடுகிறது. யந்திரம் வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை, எத்தனை கப்பல் நிலக்கரி வேண்டுமானாலும் இறக்கலாம் என்கிறவர் ஒருவர். இரண்டரை நாள் புகைக்கு இவ்வளவு ஆரவாரமா என்று கையை உதறுகிறவர் மற்றொருவர். இருவருக்கும் சௌகரியம் ஒன்றே: நாளைக் காலையில் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. கணக்கைத் தெரிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறவளுக்குத்தான் சௌகரியம் இல்லை. நிலக்கரியைக் குறைத்தே ஆக வேண்டும் என்றும் அவள் சொல்கிறாள். குறைத்த பிறகும் சிமெண்டு, சோடா, இரும்பு என்று புகை விடாமல் செய்ய முடியாத சரக்குகள் இருக்குமே, அதற்கு என்ன வழி என்றும் கேட்கிறாள். சிப்பி பாதியை விட்டுவிட்டாலும் பாதியை வைத்துத்தான் ஓடு கட்டுகிறது.

ராத்திரி, "என்ன தம்பி, சொன்னியா?" என்று அக்காள் கேட்டாள்.

"இந்த வருஷம் அவள் போக்கிலே விடு அக்கா. உபகாரச் சம்பளம் நின்ற பிறகு ஒரு வருஷத்துக்கு வேண்டியதை நான் பார்த்துக்கொள்கிறேன்."

"நீ கதை எழுதுத காசுலயா?"

என் நாவல் ஒன்று இரண்டாம் பதிப்புக்குப் போயிருந்தது. பெரிய தொகை இல்லைதான். விடுதிச் சாப்பாட்டுக்கும் அறை வாடகைக்கும் எட்டு மாசம் வரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். மிச்சம் நாலு மாசத்துக்கு என்ன என்று அக்காள் கேட்டாள். அதையும் காகிதத்தில் எழுதிக்கொண்டோம்.