ஒற்றைப் பாட்டுக்காரர்

செந்துறையில் எனக்கு ஒரு மாமா இருக்கிறார். அம்மாவின் கடைசித் தம்பி. ஸ்டேஷன் ரோட்டில் வெகுகாலம் தையற்கடை வைத்திருந்தார். தாத்தாவும் பாட்டியும் ஆசையோடு அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை வாக்காளர் பட்டியலில்தான் போய்ப் பார்க்க வேண்டும். ஊருக்கு அவர் 'சுராங்கனி'. "சுராங்கனி கடையிலே சட்டை தைக்கக் குடுத்திருக்கேன்" என்றுதான் பேச்சு. மீசை வைத்த ஒரு தையற்காரருக்குச் சிங்களப் பெண்ணின் பெயர் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று வெளியூர்க்காரர்கள் ஆச்சரியப்படுவார்கள். அதற்கு நானும் ஓரளவு பொறுப்பாளி.

1970களில், எங்கள் ஊர் திருச்சி ஜில்லாவில் இருந்த காலம் அது. மாமாவின் கடையில் கத்தரிக்கோலுக்கு அடுத்தபடி முக்கியமான சாமான் டிரான்சிஸ்டர்தான். அதில் எந்நேரமும் இலங்கை வானொலி. சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே 'பொப் இசை' என்று ஒரு புது தினுசு வரும். நித்தி கனகரத்தினம் என்பவர் கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்ற உபதேசத்தைச் சிரிக்கச் சிரிக்கப் பாடுவார். அந்த வரிசையில் வந்தவர்தான் ஏ. ஈ. மனோகரன். அவருடைய பாட்டுதான் 'சுராங்கனி'.

அதிலே பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. மீன் கொண்டு வந்த ஒருவன் ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறான். விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்தத் தாளம் இருக்கிறதே, அது காலைச் சும்மா இருக்க விடாது. பைலா என்று அதற்குப் பெயர். 1505-ல் இலங்கையில் கால் வைத்த போர்ச்சுகீசியர்களும், அவர்களோடு வந்து சேர்ந்த ஆப்பிரிக்கர்களும் விட்டுப்போன சொத்து. போர்ச்சுகீசிய மொழியில் நடனமாடுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். லிஸ்பனிலிருந்து புறப்பட்ட சரக்கு, கொழும்பு வழியாக, கடலையே கண்டிராத எங்கள் முந்திரிக்காட்டு ஊருக்கு ஆகாயமார்க்கமாக வந்து சேர்ந்தது! 1977-ல் இளையராஜா அதை 'அவர் எனக்கே சொந்தம்' படத்திலும் சேர்த்தார். பிறகு கேட்க வேண்டுமா? கல்யாண வீடு, காதுகுத்து, எங்கே குழாய் ரேடியோ கட்டினாலும் அதே பாட்டுதான்.

மாமாவுக்கு நல்ல குரல். அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில், நாடகக்காரர்கள் வேஷம் போட நேரமாகிவிட்டபோது, மைக்கைப் பிடித்துச் 'சுராங்கனி' பாடினார். ஜனங்கள் ஒன்ஸ் மோர் கேட்டுக் கேட்டு நாலு தடவை பாட வைத்தார்கள். மறுநாள் காலையில் அவர் பெயர் மாறிப்போயிருந்தது. அடுத்த இரண்டு வருஷமும் அதே மேடை, அதே பாட்டு.

நாலாவது வருஷம் மேடை ஏறியவர், சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். "இது நானா கட்டின பாட்டு" என்று கூச்சத்தோடு சொல்லிவிட்டு ஆரம்பித்தார். ஏதோ முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்களைப் பற்றியது. இரண்டு வரிதான் போயிருக்கும். கூட்டத்தில் ஒரு குரல், "சுராங்கனியைப் பாடு மாமா!" என்று கத்தியது. உடனே நூறு குரல் சேர்ந்துகொண்டது. மாமா சிரித்தார். காகிதத்தை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சுராங்கனியைப் பாடினார். அதன்பிறகு அந்த மேடையில் அவர் ஏறவில்லை.

முதலில் கத்திய குரல் என்னுடையது.

2018 ஜனவரியில் மனோகரன் சென்னையில் காலமானார். மறுநாள் பத்திரிகைகளில் அவருடைய பெயரை ஒட்டினாற்போல் அந்தப் பாட்டின் பெயர் இருந்தது. அந்த மனிதர் முருகன்மேல் துள்ளலாக ஒரு பாட்டுப் பாடியவர். தாம் பிறந்த தீவைப் போற்றிப் பாடியவர். சினிமாவில் வில்லனாக நடித்தவர். எத்தனையோ ஊர்களில் மேடை ஏறியவர். எங்கள் கணக்கில் எல்லாம் சேர்ந்து ஒரே ஒரு பாட்டு!

ஜப்பானில் க்யூ சகமோட்டோ என்று ஒரு பாடகர். 1963-ல் அவருடைய பாட்டு அமெரிக்காவில் முதலிடத்தைப் பிடித்தது. அந்த ஊர்க்காரர்கள் வாயில் நுழையட்டும் என்று அதற்குச் 'சுகியாகி' என்று புதுப் பெயர் சூட்டினார்கள். சுகியாகி என்பது மாட்டிறைச்சியில் செய்யும் ஒரு பதார்த்தம். கண்ணீர் சிந்தாமல் இருக்க வானத்தைப் பார்த்து நடக்கும் ஒருவனின் பாட்டுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1985-ல் விமான விபத்தில் அவர் இறந்தபோது வயது 43. சொந்த நாட்டில் அவருக்குப் பல பாட்டுகள் பெயர் வாங்கித் தந்திருந்தன. அமெரிக்காவில் அவர் ஒற்றைப் பாட்டுக்காரர்தான்.

நம்மவர்கள் இதில் எல்லோருக்கும் முன்னோடிகள். குறுந்தொகையின் 40-ஆம் பாட்டைப் பாடியவரின் பெயர் தெரியாமல், பாட்டில் வரும் உவமையையே எடுத்துச் செம்புலப்பெயல்நீரார் என்று வைத்துவிட்டோம். எங்கள் மாமாவுக்குச் செந்துறை செய்தது இதைத்தானே! கணியன் பூங்குன்றனார் கதை இன்னும் வேடிக்கை. புறநானூறு 192-ஐ மேடைக்கு மேடை முழங்குகிறோம். நற்றிணையில் 226-ஆம் பாட்டும் அவருடையது என்று சொன்னால், "அப்படியா?" என்கிறோம்.

இதையெல்லாம் யோசித்தபோது ஒன்று புரிந்தது. ஒற்றைப் பாட்டுக்காரர் என்று உலகத்தில் ஒருவருமே இல்லை. பாடுகிறவனிடம் பாட்டுகள் இருக்கத்தான் இருக்கின்றன. நம்முடைய காதுதான் ஒரு முறை திறந்துவிட்டு மூடிக்கொள்கிறது. பிறகு கதவைச் சாத்தியவர்களே, "பாவம், அவனிடம் சரக்கு அவ்வளவுதான்" என்று அனுதாபமும் படுகிறோம். கூட்டங்களுக்குப் போனால் என்னிடம் முதல் நாவலைப் பற்றி மட்டுமே விசாரிக்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு அந்த நாலாக மடித்த காகிதம் ஞாபகத்துக்கு வரும். நியாயமான தண்டனைதான்.

அந்த மரணச் செய்தி வந்த வாரமே ஊருக்குப் போனேன். கடையை மூடிவிட்டு மாமா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"மாமா, அந்த முந்திரிப் பாட்டு இருக்கா?"

"எதுடா மாப்ளே?"

"திருவிழாவிலே பாதியிலே நிறுத்தினீங்களே. அன்னைக்கு முதல்லே கத்தினது நான்தான்."

"தெரியும்டா. உன் குரல் எனக்குத் தெரியாதா?" என்றார். கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "காகிதமெல்லாம் எப்பவோ போச்சு" என்று சொல்லிவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

முழுப் பாட்டும் வந்தது. ஒரு வார்த்தை தடுக்கவில்லை. பிரமாதமான பாட்டு என்று சொல்ல மாட்டேன். ஆனால் கொட்டையின் எண்ணெய் பட்டு விரல்தோல் வெந்த ஒருத்தி, குழந்தையைத் தொடப் பயந்து முழங்கையால் அணைத்துத் தூக்குகிறாள் என்று இரண்டாவது சரணத்தில் ஓர் இடம் வந்தது. ஐந்து நாவல் எழுதியும் எனக்கு அப்படி ஓர் இடம் அகப்படவில்லை.

"இப்ப சுராங்கனி பாடட்டுமா?" என்று கேட்டார் மாமா, பழக்க தோஷத்தில்.

"வேண்டாம் மாமா. இதுக்குத்தான் ஒன்ஸ் மோர்" என்றேன்.